கப்பல் இருக்கிறது

அன்புள்ள மைனாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில் எந்தச் சாமானுக்கும் நிம்மதி இல்லை. போன வாரம் மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினார், இப்போது அதன் சுவிட்சைப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை, ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்தவே முடியாமல் ஓடுகிறது. ரிப்பேர்தான் ஆகிவிட்டதே என்கிறார். நீ போனில் இரண்டு தடவை என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், இரண்டு தடவையும் சளி என்று சொன்னேன். சளியெல்லாம் ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் கோர்ட் லீவு, மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அமைதியாக இருக்கிறது, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வேலைக்கு நடுவில் படிக்காமல் சாவகாசமாகப் படி.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்றால் எந்த வீட்டிலும் யாரும் இருக்க மாட்டார்கள், வீட்ல யாரும் இல்லீங்க என்று உள்ளேயிருந்து அவர்களே சொல்வார்கள். தையல் மிஷினை ஜப்தி செய்திருக்கிறேன், அச்சாபீசைப் பூட்டியிருக்கிறேன், ஒரு தடவை ஆள்களோடு நின்ற பஸ்ஸையே ஜப்தி செய்து, அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனதை நீ ஸ்கூலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயாம். ஆனால் கப்பலுக்குப் போனதில்லை. நீ போன தடவை வந்துவிட்டுப் போன கொஞ்ச நாளில் அந்த உத்தரவு வந்தது. ஒரு சரக்குக் கப்பல், எங்கேயோ வேறொரு துறைமுகத்தில் கரையில் அணையும்போது சரக்கு ஏற்றும் கோபுரத்தில் மோதி அதைச் சாய்த்துவிட்டதாம், கோபுரத்துக்காரர்கள் தேடிக்கொண்டே இருந்து, கப்பல் நம் ஊருக்கு வந்ததும் இங்கே வழக்குப் போட்டுவிட்டார்கள். வழக்கு தீருகிற வரை கப்பல் அசையக் கூடாது என்று ஜட்ஜ் ஐயா உத்தரவு. இன்னொரு அமீனா இருக்கிறாரே, சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், அவருக்குக் குளிப்பதற்கே தண்ணீரைக் கண்டால் யோசனை, கடல் என்றதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ் தலைமை பார்க்கும் சிரஸ்தார் ஃபைலை என் மேஜையில் வைத்து, நீங்கதாம்மா போகணும் என்றார். வீட்டில் சொன்னால் அப்பா, கப்பல ஜப்தி பண்ணி எங்க கொண்டாந்து கட்டுவே, பின்பக்கம் துணி காயப்போடற கொடியிலயா என்று கேட்டார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கப்பல் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நின்றது, படகில் போய், கயிற்று ஏணியில் ஏறினேன் மைனா, இந்த வயதில். கீழ பாக்காதீங்க என்றார் படகுக்காரர், சொன்ன உடனே பார்த்தேன். மேலே போனதும் கேப்டன், நரைத்த தாடி, உன் தாத்தா மாதிரி கூனின முதுகு, நான் யார் எதற்கு வந்தேன் என்று கேட்பதற்கு முன்னால் நாற்காலி போடச் சொன்னார். ஆள்கள் எல்லாம் வேறு வேறு தேசத்துக்காரர்கள், இன்ஜின் பார்க்கிற ஒரு பையனுக்கு மட்டும் நம் பாஷை. பையன் என்றால் நம் மாப்பிள்ளை வயது இருக்கும். உத்தரவை, கேப்டன் நின்று கப்பலை ஓட்டுகிற அறையின் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், அதுதான் முறை. உப்புக் காற்றில் கண்ணாடி பிசுபிசு என்று இருக்கிறது, பசையும் பிடிக்கவில்லை, டேப்பும் பிடிக்கவில்லை. நான் திண்டாடுவதைப் பார்த்து அந்தப் பையன் வந்து சட்டைக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்து, நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு, நேரா ஒட்டுங்கம்மா, கோணலா இருந்தா கேப்டன் சாருக்குப் பிடிக்காது என்றான். தன்னைக் கட்டிப்போடப் போகிற காகிதத்துக்குத் தானே கண்ணாடி துடைத்துக் கொடுத்தவனை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒட்டி முடித்ததும் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சமையல்காரர் ஒருத்தர், பெரிய உருவம், கையெல்லாம் மாவு, ஏதோ கேட்டார். கப்பலுக்குச் சரி, எங்களுக்கு என்ன போட்டிருக்குன்னு கேக்கறாரு என்று பையன் சொன்னான். நானும் உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். கப்பலின் நீளம் இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, நங்கூரம், கயிறு, படகு எல்லாம் வரிசையாக இருக்கிறது, மனுஷர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உத்தரவு கப்பலுக்குத்தான், உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போலாம் என்று சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. பையன் அதை அவர்களுக்குச் சொன்னதும் சமையல்காரர் கைதட்டினார். அந்தக் கைதட்டல்தான் இப்போது என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஏனென்றால் நான் சொன்னது நடக்கவில்லை. கரையில் இறங்க அனுமதி வேண்டும், அதைக் கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் வாங்கித் தர வேண்டும், கம்பெனியோ கேஸ் என்றதும் ஆபீசை மூடிக்கொண்டு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. ஏஜென்டும் கையை விரித்துவிட்டார். துறைமுக அதிகாரி, ஆளில்லாம கப்பல விட முடியாது, புயல் வந்தா அலைதடுப்புச் சுவர்ல வந்து மோதும், மத்த கப்பலையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். இப்படி ஒவ்வொருத்தரும் அவரவர் நியாயத்தைச் சொல்ல, அவர்கள் அங்கேயே கிடந்தார்கள்.

கப்பல் இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலைதான். கப்பலை யார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகப்போகிறார்கள், இருந்தாலும் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான் எழுதுவேன், கப்பல் இருக்கிறது. அதற்கு மேல் எழுத ரிப்போர்ட்டில் இடம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். முதலில் ஜெனரேட்டரை மாலையில் மட்டும் போட்டார்கள், அப்புறம் அதையும் குறைத்துவிட்டார்கள், எல்லாரும் அறைகளை விட்டுவிட்டு மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்கிறார்கள், உள்ளே அடுப்பு மாதிரி இருக்கிறதாம். நல்ல தண்ணீரைக் கோர்ட் உத்தரவு போட்டால்தான் படகு கொண்டுபோகும், உத்தரவு வெள்ளிக்கிழமை வந்தால் தண்ணீர் திங்கட்கிழமை போகும். வாழை இலை அளவுக்குத் துருப்பிடித்துத் தகடு உரிகிறது, வேலை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்று அதையே சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள், பெயின்டும் தீர்ந்த பிறகு சுரண்ட மட்டும் செய்கிறார்கள். ஒரு தடவை சமையல்காரர் இருந்த மாவில் ஒரு ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார். ஜப்தி செய்த இடத்தில் நாங்கள் ஒரு துரும்பும் வாங்கக் கூடாது. வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீ என்னோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏன் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே என்றார் அப்பா. கவுந்திருந்தா கூட யாராவது போய்த் தூக்கிட்டு வந்து கரை சேத்திருப்பாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் ஆபீசுக்கு எனக்குப் போன். ஒரு வயதான அம்மா. கப்பலுக்கு நோட்டீஸ் ஒட்டுன அமீனாம்மாவா என்று கேட்டார். அந்த இன்ஜின் பையனுடைய அம்மா. இரண்டு நாள் ரயிலில் போகிற தூரத்தில் இருக்கிறார், தனி ஆள், ஆஸ்பத்திரி துணிகளைத் துவைக்கிற இடத்தில் வேலை பார்த்து அந்தப் பையனைப் படிக்க வைத்தவர். எம்புள்ள என்னம்மா தப்புப் பண்ணான், எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன் என்றார். ஒரு தப்பும் பண்ணலீங்க என்றேன். அப்படித்தான் அவனும் சொல்றான், அம்மா மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றானோன்னு நினைச்சேன், அதான் உங்க நம்பர வாங்கிக் கேக்கறேன் என்றார். அந்தத் தெருவில் எல்லாரும் பையன் எதையோ கடத்தி ஜெயிலில் இருக்கிறான் என்று பேசுகிறார்களாம், வேலை செய்கிற இடத்தில் கூட இவர் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். நான் மறுபடியும், சத்தியமா ஒரு தப்பும் இல்லீங்க, கேஸ் கப்பல் மேலதான், கோபுரத்தை இடிச்சப்ப உங்க பையன் அந்தக் கப்பல்லயே இல்ல என்றேன். அப்புறம் கேட்டார், தப்புப் பண்ணிருந்தா இத்தன வருஷம்னு ஒரு கணக்காவது சொல்லுவீங்கல்ல, பண்ணாதவனுக்கு ஏம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க என்று. என்ன சொல்வேன் மைனா, நீயே சொல்.

அதிலிருந்து அவர் அடிக்கடி பேசுவார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அக்கா என்பேன். நான் கப்பலுக்குப் போய்விட்டு வந்த நாளெல்லாம் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். இளைச்சிட்டானா, தாடிய எடுத்தானா, சிரிச்சானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார், நானும் பாதி உண்மையும் பாதி என் சொந்தச் சரக்குமாகச் சொல்லுவேன். ஒரு நாள், என் மகன் குற்றவாளி இல்லைன்னு கோர்ட்ல ஒரு காகிதம் வாங்கிக் குடு தங்கச்சி, தெருவுல நாலு பேர்ட்ட காட்டிட்டுத் தல நிமிந்து நடப்பேன் என்றார். சிரஸ்தாரிடம் கேட்டேன். அந்தப் பையன் வழக்குல வாதியும் இல்ல, பிரதிவாதியும் இல்ல, சம்பந்தமே இல்லாத ஆளுக்குக் கோர்ட் எப்படிம்மா காகிதம் தரும் என்றார். சம்பந்தமே இல்லாத ஆள எதுக்கு சார் வெச்சிருக்கோம் என்றேன். நாம எங்க வெச்சிருக்கோம், நாம வெச்சிருக்கறது கப்பலத்தான் என்றார். அவர் நல்ல மனுஷர், சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் ஐயா வழக்கம்போல் கப்பல் இருக்கா என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு வர வேண்டியதுதான். எனக்கு என்ன வந்ததோ, இருக்குங்கய்யா, உள்ள ஆளுங்களும் இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். கோபுரத்துக்காரர்களின் வக்கீல் எழுந்து அது ரிப்போர்ட்டில் இல்லை என்றார். ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவங்க யாராவது மனுப் போட்டிருக்காங்களா என்றார். கரைக்கே வர முடியாதவங்க எப்படிங்கய்யா மனுப் போடுவாங்க என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் திட்டவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல் பெண்ணைக் கூப்பிட்டு, அவங்களுக்காக நீங்க ஆஜராகுங்க என்றார். அந்தப் பெண்ணும் ராப்பகலாக அலைந்தாள். அதற்கப்புறம் துறைமுகத்தில் அறிக்கை கேட்டு, அவர்கள் ஒரு தேதி, இவர்கள் ஒரு தேதி என்று இழுத்து, கடைசியில் உத்தரவு வந்தது. கப்பலைப் பத்திரமாக வைத்திருக்கத் தேவையானவர்கள் தவிர மற்றவர்கள் ஊருக்குப் போகலாம். யார் தேவையானவர்கள் என்று துறைமுகம் சொல்லிவிட்டது. கேப்டன் தேவை, இரண்டு மாலுமிகள் தேவை, ஜெனரேட்டரையும் பம்பையும் ஓட்ட ஓர் இன்ஜினீயர் தேவை. பெரிய இன்ஜினீயருக்கு நெஞ்சுவலி வந்து அவரை முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு இறக்கியாயிற்று. மிச்சம் இருப்பது அந்தப் பையன்தான்.

அந்த உத்தரவையும் நான்தான் கொண்டுபோனேன். எல்லாரும் மேல்தளத்தில் நின்றார்கள், நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு. நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க அந்தப் பையன் அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தான். தேவையில்லாதவர்கள் போகலாம் என்ற வரி வந்ததும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வரியில் நான் நின்றுவிட்டேன். அவன் காகிதத்தை எட்டிப் பார்த்தான், பார்த்துவிட்டு, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், கேப்டன், இரண்டு மாலுமி, ஓர் இன்ஜினீயர் என்று அவனே அவர்களுக்குச் சொன்னான். அதன் பிறகுதான் சந்தோஷச் சத்தம் எல்லாம் நின்றது. சமையல்காரர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர்களை இறக்கிய படகிலேயே நானும் வந்தேன், பையன் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி இறக்கிக் கொடுத்தான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மாட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீங்க சொல்லிடாதீங்க என்று மட்டும் சொன்னான்.

அவன் எப்படிச் சொன்னானோ தெரியாது, அதற்கு அடுத்த வாரம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அந்த அக்கா கோர்ட் வாசலில் வந்து நின்றுவிட்டார். நான் நினைத்து வைத்திருந்ததில் பாதி உயரம்தான் இருந்தார். கப்பலுக்குப் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு அந்த வக்கீல் பெண் எழுதிக் கொடுத்தாள், குடும்பத்தார் ஏறுவதற்கு விதி இல்லை என்று திரும்பி வந்தது, மறுபடி எழுதியிருக்கிறோம். அதுவரை என்ன செய்ய, ஒரு காலையில் அலைதடுப்புச் சுவரின் கடைசி வரை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவும் முழங்காலைத் தடவிக்கொண்டே கூட வந்தார். கப்பல் அங்கேயிருந்து ஒரு முழ நீளம் தெரியும். மேல்தளத்தில் புள்ளி புள்ளியாக ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியாது. அக்கா என் செல்போனில் கூப்பிட்டார், அவன் எடுத்தான். நான் சுவர்மேலதாண்டா நிக்கறேன், தெரியறேனா என்றார். தெரியுதும்மா என்றிருப்பான். எது நீ, கையத் தூக்கு என்றார். ஒரு புள்ளி கையைத் தூக்கியது. அக்கா அந்தப் பக்கமே பார்த்து அழுதுகொண்டு, பார்த்தியா தங்கச்சி, அவன் அப்பா மாதிரியே நிக்கறான் என்றார். அப்புறம் போனில் அவன் ஏதோ சொல்ல, இவர் முகம் மாறி, அது நீ இல்லையா, அது கேப்டனா என்று கேட்டார். இன்னொரு புள்ளி இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. அம்மாவுக்கே அடையாளம் தெரியாத தூரத்தில் பிள்ளையை வைத்திருக்கிறோம். அப்பா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இப்போது அக்கா நம் வீட்டில்தான் இருக்கிறார். கப்பலை ஏலம் விட்டால் வாங்குகிறவர்கள் புது ஆள்களைப் போட்டு இவர்களை விடுவார்கள் என்கிறார்கள். முதல் ஏலத்துக்கு ஒருத்தரும் வரவில்லை, பழைய கப்பல், யார் சீந்துவார்கள். அடுத்தது எப்போது என்று தேதி போடவில்லை. கேஸ் சம்பந்தப்பட்டவங்கள வீட்ல வெச்சுக்கலாமாம்மா, பேச்சு வருமே என்று சிரஸ்தார் கேட்டார். அந்தப் பையன் சம்பந்தமே இல்லாத ஆள்னு நீங்கதானே சார் சொன்னீங்க, அவங்க அம்மா எப்படிச் சம்பந்தப்பட்டவங்க ஆவாங்க என்றேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். என் வேலையில் நான் ஜெயித்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. மற்றபடி எல்லாவற்றுக்கும் நான் சாட்சி, எதற்கும் நான் உதவவில்லை. யாரையாவது கெட்டவன் என்று சொல்ல முடிந்தால் கோபப்பட்டாவது ஆற்றிக்கொள்ளலாம். ஜட்ஜ் நல்லவர், சிரஸ்தார் நல்லவர், துறைமுகத்துக்காரர் ஊர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், எல்லா நல்லவர்களும் சேர்ந்துதான் அவனை அங்கே வைத்திருக்கிறோம். நாளை மறுநாள் மறுபடி போய்ப் பார்த்து அதே வரியை எழுத வேண்டும்.

உன் அறையைத்தான் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, உன் புத்தகங்களையும் அந்த உடைந்த கிடாரையும் பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். சும்மா உட்காரத் தெரியாதவர், வீட்டுத் திரை, போர்வை எல்லாவற்றையும் துவைத்து வெளுத்துவிட்டார், அப்பாவின் பனியன் கண்ணைக் கூசுகிறது. உனக்கு அந்தப் புது வீட்டுச் சுவர் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் வேறு வீடு பாருங்கள், இருமலை வைத்துக்கொண்டு தைரியம் காட்டாதே. மாப்பிள்ளையை ராத்திரி வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், நான் விசாரித்ததாகவும் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடிகிறவர்களாக என்றைக்கும் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பையனுக்கு நம் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருக்கிறது, அதனால் மணி அடித்தால் எங்களுக்கு முன்னால் அக்காதான் ஓடி வந்து எடுக்கிறார். நீ கூப்பிடும்போது தெரியாத குரலாக இருக்கிறதே, ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. முதல் ஹலோவில் அவர் குரல் ஒரு மாதிரியும், அவன் இல்லை என்று தெரிந்த பிறகு வேறு மாதிரியும் இருக்கும். அப்போது உடனே அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லாமல், பெரியம்மா, நான் மைனா பேசறேன், சாப்ட்டீங்களா என்று இரண்டு வார்த்தை பேசு. அதற்கப்புறம் என்னிடம் கொடுக்கச் சொன்னால் போதும், நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
(அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், மிக்ஸியைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொன்னார்)